ஒரு காய்க்கு நாற்பது இலை

ஜூன் உதிர்வு ஓய்ந்து பத்து நாள்.
எட்ச் ஆற்றுப் பக்கம் ஆலங்கட்டி வலைகளை விரித்தாயிற்று.
ஏணியை மூன்றாம் வரிசைக்கு நகர்த்துகிறேன்.
ஃபுஜி. கொத்துக்கு ஐந்து காய்,
பட்டாணியை விட்டு வளர்ந்து, கோலிக்கு இன்னும் வராதவை.
நடுக்காயை விட்டு மற்ற நான்கையும் திருகுகிறேன்.
காம்பு மரத்தில் நிற்கும். காய் புல்லில் விழும்.

காலையில் தண்டை நாடாவால் சுற்றினேன்:
பதினாறரை சென்டிமீட்டர்.
குறுக்கே அறுத்தால் தெரியும் பரப்பு
இருபத்திரண்டுக்குக் கொஞ்சம் கீழே.
சதுர சென்டிமீட்டருக்கு ஆறு.
இந்த மரம் நூற்றி முப்பது காய் தாங்கும்.
இப்போது இதில் இருப்பது நானூற்றுச் சொச்சம்.

கம்பிக்கு அந்தப் பக்கம்
என் தம்பி லூயிஸ், பையில் கை விட்டபடி:
"இர்ம்கார்ட், நீ யூரோவைப் புல்லில் கொட்டுகிறாய்."
அவனுக்குப் புது டிராக்டர்,
எண்பத்து நான்கு மாதத் தவணை.
பாகம் பிரித்தபோது சரிபாதி மரங்கள் அவனுக்கு வந்தன,
ஒரே வயது, ஒரே வேர்க்கட்டை, ஒரே மண்.
ஒரு காய்கூடக் கிள்ளவில்லை அவன்.

ஆகஸ்ட் முழுக்க அவன் கிளைகளுக்கு
முட்டுக் கொடுக்கும் சத்தம்.
இருந்தும் ஒன்று முறிந்தது, இரவில்,
துப்பாக்கி வெடித்தது போல.
புதுத் தளிர் ஒரு சாண் வந்ததும் நின்றுவிட்டது.
தோண்டிப் பார்த்தேன், அவனுக்குத் தெரியாமல்:
வெள்ளை வேர் அநேகமாக இல்லை.
இலை சமைத்ததையெல்லாம்
பிள்ளைகளே தின்றுவிட்டிருந்தன.

அக்டோபரில் அவனுக்கு எடை அதிகம், எனக்குக் குறைவு.
கூட்டுறவுக் கிடங்கில் வால்ட்ராவுட்
அவன் பழத்தை வளையத்தில் போட்டாள், வளையம் தாண்டி விழுந்தது.
பச்சை விலகாத கன்னம், பத்தரைப் பிரிக்ஸ்.
"சாறு ஆலைக்கு" என்று எழுதினாள்,
நிமிர்ந்து பார்க்காமல்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

ஒவ்வொரு காய்க்குள்ளும் சில விதைகள்.
ஜூனில், நாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது,
அவை பக்கத்து மொட்டிடம் ஏதோ சொல்கின்றன:
அடுத்த வருஷம் பூக்காதே.
நானூறு காயின் விதையும் சேர்ந்து சொன்னால்
எந்த மொட்டு மறுக்கும்?

அந்த ஏப்ரலில் கம்பிக்கு இந்தப் பக்கம் வெள்ளை.
அந்தப் பக்கம் இலை, இலை, இலை.
வாடகைத் தேன்பெட்டிகளை இரண்டு எல்லைக்கும் நடுவில் வைத்தோம்.
ஈக்கள் வாசலில் இருந்தே என் பக்கம் திரும்பின.
அவன் தன் பங்கு வாடகையைக் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன். எனக்கும் கடன் உண்டு.

என்னை யோக்கியம் என்று நினைக்க வேண்டாம்.
அதே வருஷம் பயந்து போய்
மேல்வரிசை பிரேபர்னில் அளவுக்கு மீறிக் கிள்ளினேன்,
மரத்துக்கு நாற்பதுதான் மிஞ்சியது.
இரண்டு கையில் ஏந்த வேண்டிய பழம்.
மரமோ வேலையில்லாத இளவட்டம் மாதிரி
கண்டபடி தளிர் விட்டு ஆகாயத்துக்கு ஏறியது.
டிசம்பரில் குளிர்கிடங்கைத் திறந்தால்
தோலுக்கடியில் கசப்புப் புள்ளிகள், பழுப்பாய், கூட்டம் கூட்டமாய்.
வால்ட்ராவுட் அன்றும் நிமிரவில்லை.

மூன்றாம் வருஷம் லூயிஸின் மரங்கள்
கிளை தெரியாமல் பூத்தன.
பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்தது போல.
ஊரே நின்று படம் எடுத்தது.
அவன் மட்டும் வீட்டுக்குள் இருந்தான்.

ஜூன். இரவு பதினொன்று.
ஜன்னலில் ஒரு வெளிச்சம் நகர்கிறது,
நெற்றியில் விளக்கு, மூன்றாம் வரிசை, ஏணி.
பகலில் செய்ய வெட்கம்.
விளக்கைப் போடாமல் படுத்தபடி கேட்கிறேன்:
புல்லில் ஒன்று. புல்லில் இரண்டு.
சில நேரம் நீண்ட இடைவெளி,
கொத்தைக் கையில் பிடித்து யோசிக்கிறான் போல.
பிறகு மறுபடி, ஒன்று.

இருநூற்றுப் பதினாறு வரை எண்ணினேன்.
இன்னும் ஐம்பதாவது போக வேண்டும் அந்த மரத்தில்.
ஏணி நகரும் சத்தம் கேட்டது.

எழுந்து பூட்ஸைத் தேடினேன்.
ஒன்றுதான் கிடைத்தது.